பாதையில் மறைவில்லை, பணியில்தான் மறைவு

கமாண்டோ கனவோடு ஓடும் ஒரகடம் இளைஞர்களுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் சில உண்மைகள்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் விடியும் முன்பே கம்பெனி பஸ்கள் வரிசை கட்டிவிடும். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே ஒரகடம் கூட்டுரோட்டைக் கடப்பார்கள். அதே நேரத்தில் சிப்காட் உட்சாலைகளில் இன்னொரு கூட்டம் ஓடிக்கொண்டிருக்கும். கால்சட்டையும் பனியனும் போட்ட பையன்கள். கையில் ஸ்டாப்வாட்ச் ஓடும் போன். அவர்கள் ஓடும் தூரம் 1.6 கிலோமீட்டர். 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் ராணுவ உடல்தகுதித் தேர்வில் முழுதாக 60 மதிப்பெண். கம்பியைப் பிடித்து 10 முறை உடலை மேலே இழுத்தால் இன்னொரு 40. ஒன்பதடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். வளைந்து போகும் ஒற்றைக் கட்டையின் மேல் விழாமல் நடக்க வேண்டும்.

அக்னிவீரராகச் சேர இவ்வளவும் போதும். ஆனால் ஓடுகிற பையன்களில் பலருக்கு அதற்கும் மேலே ஒரு கனவு இருக்கிறது. மெரூன் நிறத் தொப்பி, கறுப்பு உடை, முகத்தை மூடிய துணி, ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கும் ஆட்கள். பாரா எஸ்.எஃப்., மார்கோஸ், கருட், என்.எஸ்.ஜி. என்ற பெயர்கள் அவர்களுக்கு மனப்பாடம். அந்தப் படைகளுக்குள் எப்படிப் போவது என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு கதை. 'அதெல்லாம் ரகசியம், ஆள் தெரிந்தால்தான் நடக்கும்' என்ற பேச்சும் கூடவே வரும். அந்தப் பேச்சை நம்பிப் பணத்தை இழந்த குடும்பங்கள் நம் ஊர்களில் குறைவில்லை. இந்தக் கட்டுரை எழுதப்படுவதற்குக் காரணமே அதுதான். சிறப்புப் படைகளில் பணி ரகசியமானது. அங்கே போகும் வழியில் ஒரு ரகசியமும் இல்லை.

ஸ்ரீபெரும்புதூருக்கு இது புதிய கதையல்ல

இந்த வட்டாரத்துக்கும் கமாண்டோ படைகளுக்கும் உள்ள தொடர்பு ரத்தத்தில் எழுதப்பட்டது. 1984 அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தி தன் பாதுகாவலர்களாலேயே சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, பிரதமரைக் காப்பதற்கென்றே 1985-ல் எஸ்.பி.ஜி. உருவானது. 1988-ல் அதற்குத் தனிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் பதவியில் இருக்கும் பிரதமரை மட்டுமே நினைத்து எழுதப்பட்டது. 1989 தேர்தலில் தோற்றுப் பதவி இழந்த ராஜீவ் காந்திக்கு அந்தப் பாதுகாப்பு விலக்கப்பட்டது. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூர்க் கூட்டத்தில் மனித வெடிகுண்டு அவரைக் கொன்றபோது எஸ்.பி.ஜி. அவர் அருகில் இல்லை. அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, முன்னாள் பிரதமர்களும் அதன் கீழ் வந்தார்கள்.

கொலையாளிகளைத் தேடிய வேட்டையின் கடைசிக் கட்டத்தில் என்.எஸ்.ஜி. கமாண்டோக்கள் பெங்களூரு கோணனகுண்டேயில் இருந்த ஒரு வீட்டைச் சூழ்ந்தார்கள். ஆகஸ்ட் 20 அதிகாலை உள்ளே நுழைந்தபோது சிவராசன், சுபா உள்ளிட்ட ஏழு பேரும் உயிருடன் இல்லை.

என்.எஸ்.ஜி. இப்போது ஒரகடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2008 நவம்பர் 26 இரவு மும்பையில் தாக்குதல் தொடங்கியபோது, ஹரியாணாவின் மானேசரில் இருந்த என்.எஸ்.ஜி.யின் கறுப்புப் பூனைகள் மும்பை போய்ச் சேர மறுநாள் காலை ஆகிவிட்டது. அந்த இரவு கற்பித்த பாடத்தால் 2009-ல் மும்பை, சென்னை, ஐதராபாத், கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களில் வட்டார மையங்கள் வந்தன. சென்னை மையம் இருப்பது வண்டலூரை அடுத்த நெடுங்குன்றத்தில். கிழக்கே பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சி அகாடமி, தாம்பரத்தில் விமானப்படைத் தளம், மேற்கே அரக்கோணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி. வல்லம் வடகாலில் விமானத் துறைக்கென்று தனியாகவே ஒரு சிப்காட் பூங்கா. கார், லாரி, புல்லட், செல்போன் செய்யும் இந்தப் பகுதியைச் சுற்றி ஒரு ராணுவ வட்டமே இருக்கிறது. இங்கே வளரும் பையனுக்குச் சீருடை ஆசை வருவதில் வியப்பில்லை.

நேரடி வேலை என்றால் பொய்

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது. என்.எஸ்.ஜி.யில் நேரடி ஆள்சேர்ப்பு கிடையாது. எஸ்.பி.ஜி.யிலும் கிடையாது. இரண்டுக்குமே ஏற்கெனவே வேறு படையில் இருப்பவர்கள்தான் அயல்பணியாக வருகிறார்கள். என்.எஸ்.ஜி.யில் பாய்ந்து தாக்கும் பிரிவான எஸ்.ஏ.ஜி.க்கு ராணுவத்திலிருந்து வருவார்கள். துணை நிற்கும் எஸ்.ஆர்.ஜி.க்கு மத்திய ஆயுதக் காவல் படைகளிலிருந்து வருவார்கள். சில ஆண்டுகள் பணி செய்துவிட்டுத் தாய்ப்படைக்கே திரும்பிவிடுவார்கள். 'என்.எஸ்.ஜி. கமாண்டோ வேலை, நேரடி நியமனம்' என்று ஒரு போஸ்டரோ வாட்ஸ்அப் செய்தியோ கண்ணில் பட்டால், அது ஏமாற்று வேலை என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிடலாம்.

ராணுவத்தின் பாரா சிறப்புப் படைகளுக்குப் போக ஒரே தகுதி, முதலில் நீங்கள் சிப்பாயாக வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்டோ, பீரங்கிப் படையோ, பொறியியல் படையோ, எந்தப் பிரிவில் இருந்தாலும் தானாக முன்வந்து பெயர் கொடுக்கலாம். ஆள்சேர்ப்பின்போதே பாராசூட் ரெஜிமென்டுக்கு ஒதுக்கப்படுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கான பயிற்சி மையம் பெங்களூருவில் இருக்கிறது. கடற்படையில் சேர்ந்த மாலுமி மார்கோஸுக்குப் பெயர் கொடுக்கலாம். 1987-ல் தொடங்கப்பட்ட படை அது. விமானப்படையின் கருட் 2004-ல் வந்தது. சி.ஆர்.பி.எஃப்.பின் கோப்ரா 2008-ல் மாவோயிஸ்டுகளை எதிர்கொள்ள உருவானது. 2021 பிப்ரவரியிலிருந்து அதில் பெண்களும் இருக்கிறார்கள். சுங்குவார்சத்திரம் பக்கத்து மின்னணு ஆலைகளில் வேலை பார்க்கும் தங்கைகளுக்கு இந்தக் கடைசிச் செய்தியைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

ராணுவத்தில் சேரும் வழி எல்லோருக்கும் பொது. ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் பதிவு, 250 ரூபாய்க் கட்டணம், கணினிவழிப் பொது நுழைவுத் தேர்வு, அதில் தேறினால் முகாமில் ஓட்டமும் உடல்தகுதியும், பிறகு மருத்துவப் பரிசோதனை. 2023-லிருந்து எழுத்துத் தேர்வுதான் முதல் கட்டம். 2025-லிருந்து அதைத் தமிழிலும் எழுதலாம். இந்தி தெரியாததால் வினாத்தாள் புரியாமல் போகும் என்று பயந்து ஒதுங்கிய காலம் முடிந்துவிட்டது. பயிற்சியில் இந்தி தேவைப்படும். அதைப் போன இடத்தில் பழகிக்கொள்ளலாம், முன்னே போனவர்கள் எல்லோரும் அப்படித்தான் பழகினார்கள். ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்களுக்கு டெக்னிக்கல் பிரிவில் கூடுதல் மதிப்பெண் உண்டு. ஃபிட்டர், டர்னர், எலெக்ட்ரீஷியன் படித்துவிட்டு இந்தப் பகுதியில் அப்ரென்டிஸாக நிற்கும் பையன்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இந்த வரிசையில் எந்த இடத்திலும் தரகருக்கு வேலை இல்லை. ஓட்டத்தை ஓடுவது உங்கள் கால். தேர்வை எழுதுவது உங்கள் கை. 'உள்ளே ஆள் இருக்கிறார்' என்று சொல்லி முன்பணம் கேட்பவரைப் போலீஸில் ஒப்படையுங்கள்.

தொண்ணூறு நாள்

பாரா எஸ்.எஃப்.புக்குப் பெயர் கொடுத்தவர் உடனே அந்தப் படையில் சேர்ந்துவிடுவதில்லை. புரொபேஷன் என்று ஒரு காலம் இருக்கிறது. பொதுவாக மூன்று மாதம். அந்த நாட்களில் உடம்பைவிட மனதைத்தான் சோதிக்கிறார்கள். தூக்கமில்லாமல் 36 மணி நேரம் வேலைமேல் வேலை கொடுத்து, களைத்துப் போன மூளை என்ன முடிவெடுக்கிறது என்று பார்க்கிறார்கள். முதுகில் சுமையும் கையில் ஆயுதமுமாக 100 கிலோமீட்டர் போக வேண்டும். கூட வருகிறவன் விழுந்தால் தூக்கிக்கொண்டு போகிறானா, விட்டுவிட்டு ஓடுகிறானா என்பதும் கணக்கில் வரும். பெரும்பாலானவர்கள் பாதியிலேயே திரும்பிவிடுகிறார்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை. தாய்ப் பிரிவுக்குப் போய் வேலையைத் தொடர்கிறார்கள்.

ஆக்ராவில் உள்ள பாராசூட் பயிற்சிப் பள்ளியில் ஐந்து முறை விமானத்திலிருந்து குதிக்க வேண்டும். அதில் ஒன்று இரவில். அதன் பிறகே சட்டையில் சிறகு ஏறும். எல்லாவற்றையும் கடந்து நிற்பவருக்கு மட்டுமே கிடைப்பது பலிதான் சின்னம்: கீழ்நோக்கிய கத்தி, இருபுறமும் சிறகு, தேவநாகரியில் 'பலிதான்' என்ற சொல். தமிழ்நாட்டுப் பையன்கள் அந்தச் சின்னத்தை முதலில் பார்த்தது அநேகமாகத் தோனியின் கையுறையில். 2019 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவுடன் ஆடியபோது அவர் அணிந்த கீப்பிங் கையுறையில் அது இருந்தது. ஐ.சி.சி. அதை அனுமதிக்க மறுத்தது. பிராந்திய ராணுவத்தின் பாராசூட் பட்டாலியனில் கௌரவ லெப்டினன்ட் கர்னலான தோனி, 2015-ல் ஆக்ராவில் ஐந்து குதிப்புகளையும் முடித்தவர். அந்த ஒரு சின்னத்துக்காக ஆயிரக்கணக்கானவர்கள் முயன்று தோற்கிறார்கள் என்பதைக் கடையில் வாங்கி டி-ஷர்ட்டில் ஒட்டிக்கொள்பவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். ராணுவத்தான் என்று பிறரை நம்பவைப்பதற்காகப் படைச் சீருடையையோ சின்னத்தையோ அணிவது சட்டப்படி குற்றம்; மூன்று மாதம் வரை சிறை கிடைக்கும்.

மார்கோஸில் மூன்று நாள் உடல்தகுதிச் சோதனையே பெரும்பாலானவர்களைக் கழித்துவிடுகிறது. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் தூக்கத்தைப் பறிக்கும் கட்டம். கருட் வீரரின் அடிப்படைப் பயிற்சி 72 வாரம். இவ்வளவுக்கும் கிடைக்கும் பணம் என்ன என்று வீட்டில் கேட்பார்கள், கேட்பதும் நியாயம். 2017-ல் மத்திய அமைச்சரவை மார்கோஸ் வீரர்களுக்கான மாதாந்தரப் படியை 10,500–15,750 ரூபாயிலிருந்து 17,300–25,000 ரூபாயாக உயர்த்தியது. சம்பளத்துக்கு மேல் வரும் தொகை இது. பணத்துக்காக மட்டும் போகிறவர் அந்த மூன்றாம் நாளைத் தாண்ட மாட்டார்.

நான்காண்டுக் கணக்கு

ஒரகடம் இளைஞரிடம் ஒப்பந்த வேலையைப் பற்றி விளக்கத் தேவையில்லை. டிரெய்னி, அப்ரென்டிஸ், கான்ட்ராக்ட் என்று பெயர்கள் மாறினாலும் நிரந்தரம் என்பது அவருக்குத் தொலைவில்தான். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் வந்த நோக்கியா ஆலை 2014-ல் மூடப்பட்டதை அவருடைய அண்ணன்மார்கள் பார்த்தவர்கள். ராணுவம் என்றால் நிரந்தரம், ஓய்வூதியம், ஊரில் மரியாதை என்ற எண்ணம்தான் பலரை ஓடவைத்தது. 2022 ஜூனில் நான்காண்டுப் பணிக்கான அக்னிபத் திட்டம் வந்தது. நாட்டின் பல பகுதிகளிலும், சென்னைப் போர் நினைவுச் சின்னம் அருகிலும் இளைஞர்கள் திரண்டு எதிர்ப்புக் காட்டியது அந்த எண்ணம் உடைந்ததால்தான்.

கணக்கைத் திறந்த மனதோடு பார்ப்போம். அக்னிவீரருக்கு முதலாண்டில் மாதம் 30,000 ரூபாய், நான்காம் ஆண்டில் 40,000. அதில் 30 விழுக்காடு சேவா நிதிக்குப் போகும். அரசும் அதே அளவு போடும். நான்காண்டு முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம் கையில் வரும். ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை. ஒவ்வோர் அணியிலும் 25 விழுக்காடு வரைதான் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள்.

சிறப்புப் படைக் கனவு இருப்பவர் இந்தக் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்க்க வேண்டும். கமாண்டோ உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். வேகமாகச் சேர்ந்து, முதல் ஆண்டிலிருந்தே உடம்பையும் ஒழுக்கத்தையும் காட்டினால்தான் அந்த 25-க்குள் வர முடியும். வாய்ப்புகள் கூடவும் செய்கின்றன. 2025 ஜூலை 26, கார்கில் வெற்றி நாளில், ராணுவத் தலைமைத் தளபதி உபேந்திர திவிவேதி 'பைரவ்' என்ற பெயரில் இலகுரக கமாண்டோ பட்டாலியன்களை அறிவித்தார். அதே சமயம், நான்காண்டில் திரும்பி வர நேர்ந்தால் என்ன செய்வது என்ற திட்டம் கையில் இல்லாமல் யாரும் போகக் கூடாது. ஐ.டி.ஐ. சான்றிதழைப் பாதியில் விட்டுவிட்டு ஆள்சேர்ப்புப் பயிற்சி அகாடமியில் சேருகிற பையனைப் பெற்றவர்கள் தடுத்து நிறுத்த வேண்டும். படிப்பை முடித்துவிட்டு ஓடட்டும்.

எதை மறைக்க வேண்டும், ஏன்?

இந்தப் பகுதியில் செல்போன், மின்னணுப் பொருள் செய்யும் ஆலைகள் பலவற்றில் கேமரா உள்ள போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், அல்லது கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். சந்தைக்கு வராத ஒரு மாடலின் படம் வெளியே போனால் கம்பெனிக்குப் பண நஷ்டம். சிறப்புப் படையில் ஒரு படம் வெளியே போனால் ஆள் போய்விடுவார். வித்தியாசம் அவ்வளவுதான், பழக்கம் ஒன்றுதான்.

2008 நவம்பர் 28 அன்று மும்பை நாரிமன் இல்லத்தின் மாடியில் என்.எஸ்.ஜி. வீரர்கள் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கியதை நாடே நேரலையில் பார்த்தது. தாக்கியவர்களை எல்லை தாண்டிப் போனில் இயக்கிக்கொண்டிருந்தவர்களும் டி.வி. பார்த்தே வழிகாட்டினார்கள். அந்த நடவடிக்கையில் என்.எஸ்.ஜி. இரண்டு பேரை இழந்தது. தாஜ் ஓட்டலில் மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன், நாரிமன் இல்லத்தில் ஹவில்தார் கஜேந்தர் சிங். இருவருக்கும் அசோக சக்கரம் வழங்கப்பட்டது. 2012-ல், அந்தத் தாக்குதல் தொடர்பான கசாப் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்த நேரலையைக் கடுமையாகக் கண்டித்தது. பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளை நேரலையில் காட்ட கேபிள் டி.வி. விதிகளில் தடை வந்தது. பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, 2025 ஏப்ரல் 26 அன்று, மத்திய அரசு அதை மீண்டும் எல்லாச் சேனல்களுக்கும் நினைவூட்டியது.

இப்போது சேனல்களைவிடப் பெரிய ஆபத்து நம் கையிலிருக்கும் போன். 2020 ஜூலையில் ராணுவம் தன் ஆட்களிடம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொன்னது. 'பையன் இந்த யூனிட்டில் இருக்கிறான், இன்று இந்த ஊருக்குக் கிளம்புகிறான்' என்று அம்மா பெருமையோடு போடும் ஒரு ஸ்டேட்டஸ் போதும். யூனிட்டின் பெயர், இருக்கும் இடம், நகரும் நாள், கையிலிருக்கும் கருவி, உடன் இருப்பவர்களின் முகம் ஆகிய ஐந்தும் வெளியே போகக் கூடாது. 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டப்படி, பாதுகாப்பு தொடர்பான உளவுக் குற்றத்துக்கு 14 ஆண்டு வரை சிறை உண்டு. சட்டத்துக்குப் பயந்து மட்டும் வாயை மூட வேண்டியதில்லை. பிள்ளையின் உயிரை நினைத்தே மூடலாம்.

வாயடக்கம் என்ன சாதிக்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. 2004 அக்டோபர் 18 இரவு தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே சந்தனக் கடத்தல் வீரப்பன் ஒரு ஆம்புலன்ஸில் வந்தார். வண்டியை ஓட்டியவர் மாறுவேடத்தில் இருந்த அதிரடிப்படைப் போலீஸ்காரர். கே.விஜயகுமார் தலைமையில் நடந்த 'ஆபரேஷன் ககூன்' பல மாதங்களாகப் பின்னப்பட்டது. அதிரடிப்படைக்குள்ளேயே மிகச் சிலருக்குத்தான் முழுத் திட்டமும் தெரியும். ஆண்டுக்கணக்கில் தப்பிக்கொண்டே இருந்தவரை அந்த மௌனம்தான் அந்த வண்டிக்குள் கொண்டுவந்தது.

பெயர் வெளிவரும் நாள்

மறைவுக்கு ஒரு விலை உண்டு. அதை வீரரைவிட அவருடைய வீட்டார் அதிகம் கொடுக்கிறார்கள். எங்கே இருக்கிறார் என்று தெரியாது. எப்போது போன் வரும் என்று தெரியாது. திரும்பி வந்தாலும் நடந்ததைச் சொல்ல மாட்டார். அவருடைய பெயரை நாடு அறிவது பெரும்பாலும் அவர் இல்லாத நாளில்தான்.

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் அவர் மனைவியும் இறந்த செய்தி உலகம் முழுக்கப் போனது. அவர்களோடு இறந்தவர்களில் நான்கு பேர் பாரா சிறப்புப் படைகளைச் சேர்ந்தவர்கள்: நாயக் குர்சேவக் சிங், நாயக் ஜிதேந்திர குமார், லான்ஸ் நாயக் விவேக் குமார், லான்ஸ் நாயக் சாய் தேஜா. சாய் தேஜா நம் பக்கத்துச் சித்தூர் மாவட்டத்துக்காரர். அந்த மலைக் கிராமத்து மக்கள்தான் வீட்டுக் கம்பளிகளோடும் தண்ணீர்க் குடங்களோடும் முதலில் ஓடினார்கள். யாரைக் காப்பாற்ற ஓடினோம் என்பதே அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதைவிட ஆழமான மறைவில் இருந்தது சிறப்பு எல்லைப்படை. சீனப் போர் நடந்துகொண்டிருந்த 1962 நவம்பரில், திபெத்திய அகதிகளைக் கொண்டு உருவான படை அது. 'எஸ்டாப்ளிஷ்மென்ட் 22' என்றும் பெயர். 1971 போரில் சிட்டகாங் மலைப்பகுதியில் அவர்கள் போரிட்டதும் உயிரிழந்ததும் பல ஆண்டுகள் வெளியே பேசப்படவில்லை. 2020 ஆகஸ்ட் இறுதியில் பாங்காங் ஏரிக்குத் தெற்கே பழைய கண்ணிவெடியில் சிக்கி அந்தப் படையின் நைமா டென்ஜின் இறந்தார். செப்டம்பர் 7 அன்று லே நகரில் இந்தியக் கொடியும் திபெத்தியக் கொடியும் போர்த்தி, ஊர் திரண்டு அவரை அனுப்பிவைத்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக இருட்டில் இருந்த படைக்குக் கிடைத்த முதல் பகிரங்க மரியாதை என்றே அதைச் சொல்ல வேண்டும். நடவடிக்கையை மறைக்கலாம். நாட்டுக்காகச் செத்தவரின் பெயரை அவருடைய தாயிடமிருந்தும் ஊரிடமிருந்தும் காலமெல்லாம் மறைத்து வைப்பது நியாயமில்லை.

மறைவுக்கும் எல்லை உண்டு

வீரப்பனை வீழ்த்திய அதே அதிரடிப்படை வேட்டையின் பெயரில் மலைக்கிராம மக்கள்மேல் நிகழ்த்திய கொடுமைகளும் பதிவாகியிருக்கின்றன. தேசிய மனித உரிமை ஆணையம் 1999-ல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்து விசாரித்தது. 2007-ல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. வெற்றியை எழுதும்போது இதை எழுதாமல் விட்டால் பாதி உண்மைதான் எழுதியதாகும்.

2021 டிசம்பர் 4 மாலை நாகாலாந்தின் ஓட்டிங் கிராமத்தருகே, நிலக்கரிச் சுரங்க வேலை முடிந்து வண்டியில் வீடு திரும்பிய தொழிலாளர்கள்மேல் 21-ஆம் பாரா சிறப்புப் படைப் பட்டாலியனைச் சேர்ந்தவர்கள் சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள். தொடர்ந்து மூண்ட மோதலில் மேலும் பலர் இறந்தார்கள். ஆள் அடையாளம் தவறிவிட்டது என்று உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். மாநிலப் போலீஸ் 30 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. வழக்கு நடத்த மத்திய அரசு அனுமதி மறுத்தது; 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை முடித்துவைத்தது. ஷிப்ட் முடிந்து வண்டியேறும் தொழிலாளியின் பயணம் என்ன என்று ஒரகடத்துக்குத் தெரியும். அந்த ஆறு பேரின் வீடுகளுக்காகவும் நாம் பேச வேண்டும்.

ஈழத்துத் தமிழர்களுக்கு இந்த வலி பழகியது. 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். போலீஸ் சிறப்பு அதிரடிப்படையினர் உள்ளிட்ட 13 பேர் மீது வந்த வழக்கு, போதிய ஆதாரமில்லை என்று 2019-ல் விடுதலையில் முடிந்தது. ஆஸ்திரேலியா வேறு விதமாக நடந்துகொண்டது. ஆப்கானிஸ்தானில் தன் சிறப்புப் படையினர் 39 பேரைச் சட்டவிரோதமாகக் கொன்றதற்கு நம்பத்தகுந்த தகவல் இருப்பதாகத் தானே விசாரித்து, 2020 நவம்பரில் வெளியிட்டது. அந்த அறிக்கையால் அந்நாட்டுப் படை பலவீனமாகிவிடவில்லை.

நம் தகவல் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் என்.எஸ்.ஜி., எஸ்.பி.ஜி., சிறப்பு எல்லைப்படை ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் ஊழல், மனித உரிமை மீறல் குறித்த புகார்களுக்கு அந்த விலக்குப் பொருந்தாது என்று 24-ஆம் பிரிவே சொல்கிறது. கோடு எங்கே போட வேண்டும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நடப்பிலும் அந்தக் கோடு மதிக்கப்பட வேண்டும். சுடும் அதிகாரமும் மறைந்திருக்கும் அதிகாரமும் ஒரே கையில் இருக்கும்போது, கேள்வி கேட்கும் அதிகாரம் வேறொரு கையில் இருந்தாக வேண்டும். இந்தப் படைகளில் சேர ஆசைப்படும் இளைஞர் இதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. கட்டுப்பாடு குலைந்த கமாண்டோ அந்தச் சின்னத்துக்கே அவமானம்.

இனி செய்ய வேண்டியது

ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர், வாலாஜாபாத் வட்டாரங்களின் ஐ.டி.ஐ.களிலும் மேல்நிலைப் பள்ளிகளிலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் ஆட்கள் வந்து தமிழில் பேச வேண்டும். மாவட்டம்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அதை இந்த வேலையில் இறக்கலாம். சிப்காட் சாலைகளில் லாரிக்கு நடுவே ஓடும் பையன்களுக்கு வெளிச்சமுள்ள ஓர் ஓடுதளம் அமைத்துக் கொடுப்பது இத்தனை ஆலைகள் உள்ள பகுதிக்குப் பெரிய செலவல்ல. ஆள்சேர்ப்பு பெயரில் பணம் பறிப்பவர்கள்மேல் போலீஸ் தானாக முன்வந்து வழக்குப் போட வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கம்பெனி வாசலில் காவல் நிற்கும் பெரியவர் முன்னாள் ஜவானாக இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்த்துப் பேசுங்கள். எந்தத் தரகரும் சொல்லாத உண்மையை அவர் காசு வாங்காமல் சொல்வார். ஓடிக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். படிப்பை முடியுங்கள், ஓட்டத்தை விடாதீர்கள், யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். உள்ளே போன பிறகு வாயைக் காத்துக்கொள்ளுங்கள், தப்பைக் கண்டால் மட்டும் மேலதிகாரியிடம் வாயைத் திறங்கள்.